நீ கைகாட்டிய கொலைகாரர்கள்

இன்று மத்தியானம் தார்நாகா வாடகை நூலகத்திலிருந்து ஓர் ஆங்கிலத் துப்பறியும் நாவல் எடுத்துவந்தேன். சாப்பிட்டுவிட்டு, கட்டிலில் சாய்ந்து, மின்விசிறியைக் கூட்டி வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குரிய அத்தனை ஏற்பாடுகளோடும் ஆரம்பித்தேன். நாற்பதாவது பக்கத்தில் குடும்ப மருத்துவரின் பெயரைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். ஓரத்தில், 'கொலைகாரன் இவன்தான்' என்று யாரோ ஒரு புண்ணியவான் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருக்கிறான். புத்தகத்தைக் கட்டிலில் வீசினேன். வீசிய கையோடு உன்னைத்தான் திட்டினேன்.

அது உன் கையெழுத்து இல்லை. நீ போன பிறகு வெளிவந்த புத்தகம் அது. இருந்தாலும் நூலகப் புத்தகத்தில் பென்சில் வட்டம் என்றால் எனக்கு வேறு யார் ஞாபகம் வரும்? ஒரு வித்தியாசம் உண்டு. உன் வட்டமாக இருந்திருந்தால் நான் நிம்மதியாக மேலே படித்திருப்பேன். நீ வட்டம் போட்டுவிட்டால் அந்த ஆள் நிரபராதி என்று சத்தியம் செய்யலாம். எத்தனை நாவல் படித்திருப்பாய்! அதில் ஒரே ஒரு கொலைகாரனையாவது சரியாகக் கண்டுபிடித்தது உண்டா? கேட்டால் மட்டும், "ரைட்டர் தப்பு பண்ணிட்டான்" என்பாய்.

நாம் முதன்முதலில் பேசியதே அப்படித்தானே. கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து, செகந்திராபாத் பக்கம் ஹப்சிகுடாவுக்கு வந்திருந்தேன். பேகம்பேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. ஊரும் புதிது, மொழியும் புதிது. வாய்விட்டுப் பேச ஆளில்லாமல் கையில் எப்போதும் ஒரு நாவலோடு அலைந்தேன். ஒருநாள் காலை லிஃப்டில் நீ ஏறினாய். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. என் கையிலிருந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்தாய். நான் தமிழ் என்று எப்படித்தான் தெரிந்ததோ, ஒரு வணக்கம் இல்லை, பெயர் கேட்கவில்லை.

"அதுல தங்கச்சிதான் கொலை பண்றா," என்றாய்.

லிஃப்ட் கீழே வந்து நின்றது. நீ பாட்டுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாய். நான் அங்கேயே நின்றேன். முன்பின் தெரியாதவர்களை அடிப்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று அன்று முழுக்க யோசித்தேன்.

வெறுப்போடு படித்து முடித்தால், கொலை செய்தது தங்கை இல்லை, வக்கீல். நானே வந்து உன் வீட்டு மணியை அடித்தேன். உன் அப்பாதான் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து நீ எட்டிப் பார்த்ததும் கேட்டேன்.

"தங்கச்சி கொல்லலையே. எதுக்கு அப்படிச் சொன்னிய?"

"ஹவ், ஆமா, தெரியும்," என்றாய், சிரிக்கக்கூடச் செய்யாமல். "ஆனா தங்கச்சி பண்ணிருந்தாதான் கரெக்ட்டு. அந்த வக்கீலுக்குக் கொலை பண்ற முகமா? உள்ள வாங்க. காபியா, டீயா?"

அன்று நான் குடித்த காபியோடு தொடங்கியது இந்த வேதனை.

நீ செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். உன் அப்பா பாதுகாப்புத் துறை வேலைக்காக இங்கே வந்து இங்கேயே தங்கிவிட்டவர். உன் தமிழில் பாதி தெலுங்கு, பாதி உருது. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளைச் சோதித்துச் சரிபார்க்கிற பிரிவில் உனக்கு வேலை. மூன்று முறை சோதிக்காமல் ஒரு மாத்திரைக்கும் கையெழுத்துப் போடமாட்டாய் என்று உன் அப்பா பெருமையாகச் சொல்வார். அப்படிப்பட்டவள் நாவலைக் கையில் எடுத்தால் நாற்பது பக்கத்துக்குள் ஒருத்தனைத் தூக்கில் போட்டுவிடுவாய். இது எப்படி என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலங்களில் உன் வீட்டில் படிப்பவர்கள் கூடலாம் என்று யோசனை சொன்னது நான்தான். கூடியது என்னவோ நான்கு பேர். நீ, நான், மூன்றாம் மாடியில் தனியாக இருந்த தூத்துக்குடி சேவியர், குடியிருப்புச் சங்கச் செயலாளர் ராமச்சந்திரன். நான்கு பேருக்கும் ஒரு புத்தகத்தில்கூட ஒத்துப்போகாது. சேவியருக்கு மூன்று பக்கத்துக்கு ஒரு குண்டு வெடிக்க வேண்டும். ராமச்சந்திரன் மத்திய அரசு ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி. அவருக்குத் தர்க்கம் வேண்டும். "சாட்சியம் இல்லாம ஒருத்தரைக் குற்றவாளின்னு சொல்ற நாவல் நாவலே இல்ல," என்று விரலை ஆட்டிச் சொல்வார். எனக்கோ, கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினால் எல்லாத் துப்பும் அங்கேயே கண்ணெதிரே கிடந்திருக்க வேண்டும். எழுதுகிறவன் என்னை ஏமாற்றலாம், பொய் சொல்லக் கூடாது. உனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. உனக்கென்று இருந்தது ஒரே ஒரு விதி.

"எல்லாரும் முதல்ல யாரைக் கைகாட்டறாங்களோ, அந்த ஆளை விட்டுடணும். மிச்சம் இருக்கறதுல யார் வேணா இருக்கலாம்."

"அது துப்பறியதில்ல, சீட்டுக் குலுக்கிப் போடுதது," என்பேன் நான்.

"கைக்கு, எதுக்கு இவ்ளோ டென்ஷன்? புக்குதானே!"

எல்லோரும் படித்து முடிக்கும்வரை யாரும் கொலைகாரன் பெயரைச் சொல்லக் கூடாது என்று நான் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். சட்டம் பிறந்த அன்றே நீ அதை மீறினாய். சேவியர் காதைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடினான். ராமச்சந்திரனின் மனைவி லலிதா எந்த நாவலும் படிக்காதவர், உன் அப்பா போடும் காபிக்காக வருவார். அவர் ஒருநாள் அப்பாவியாகக் கேட்டார்: "இவ சொல்றதுதான் எப்பவும் தப்பாச்சே, சொன்னா என்ன?" அதற்கும் உனக்குக் கோபம் வந்தது.

இப்படியே சில வருடங்கள் போயின. பிறகு அந்தச் சங்கிலி காணாமல் போனது.

ராமச்சந்திரனும் லலிதாவும் ஒரு வெள்ளிக்கிழமை உறவினர் கல்யாணத்துக்குப் போய்வந்தார்கள். மறுநாள் பீரோவைத் திறந்தால் லலிதாவின் இரட்டை வடச் சங்கிலி இல்லை. வீடே தலைகீழாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, கீழே கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம். நடுவில் யாதம்மா நின்றாள். அவர்கள் வீடு, எங்கள் வீடு, உங்கள் வீடு மூன்றிலும் வேலை செய்தவள் அவள். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நேனு தீயலேதம்மா, நான் எடுக்கலம்மா" என்று தெலுங்கும் தெரிந்த தமிழுமாகச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்கு வந்துபோற வெளியாள் இவ ஒருத்திதான்," என்றார் ராமச்சந்திரன். "இதுல யோசிக்க என்ன இருக்கு? ஸ்டேஷன்ல சொன்னா அவங்க விசாரிக்கற விதத்துல விசாரிச்சுப்பாங்க."

உன் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் விரலை ஆட்டித் தர்க்கம் பேசிய அதே மனிதர்தான். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கும் மனசு சரியில்லை. ஆனால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அப்போதுதான் நீ எழுந்தாய். கடவுளே, இன்றைக்குமா என்று நான் உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும்.

"உக்காருட்டி, சும்மா இரி."

"நக்கோ, வேணாம். விடு," என்று துப்பட்டாவைப் பிடுங்கிக்கொண்டாய். "ராமச்சந்திரன் சார், நேத்து உங்க வீட்டுக்கு யாதம்மா மட்டுமா வந்தா? இன்டர்நெட் வரலன்னு சேவியர் வந்தான். பெட்ரூம்லதானே உங்க கம்ப்யூட்டர்?"

சேவியர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். "யக்கா! என்ன பேச்சு இது? நான் போயி நகை எடுப்பனா?"

"நீ எடுத்தேன்னு சொல்லலடா. போனேன்னு சொன்னேன். அப்புறம்," என்று என்னைக் கைகாட்டினாய், "இவ வீட்டுக்காரர் மோட்டார் ரூம் சாவி குடுக்கப் போனார். இவ புக்கைத் திருப்பிக் குடுக்கப் போனா. நான் அதே புக்கை வாங்கப் போனேன். அப்புறம் சார், நீங்க. வீட்டுக்காரரையே சந்தேகப்படக் கூடாதுன்னு எந்த ரூலும் இல்ல."

அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ராமச்சந்திரன் முகம் சிவந்து, "என் வீட்டு நகையை நானே திருடுவேனா?" என்று கத்தினார். "நாவல்ல நிறைய பேர் திருடறாங்களே சார்," என்றாய் நீ. என் கணவர் உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்து முறைத்தார். சேவியர் விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டான். சத்தம் கொஞ்சம் அடங்கியதும் நீ குரலை இறக்கிச் சொன்னாய்:

"ஸ்டேஷனுக்குப் போங்க. நானும் வரேன். ஆனா கம்ப்ளெயின்ட்ல அந்த வீட்டுக்குள்ள கால் வெச்ச எல்லார் பேரும் எழுதணும். யாதம்மா பேர் கடைசில இருக்கட்டும். நீங்க எழுதலன்னா நான் என் கையால எழுதிக் குடுப்பேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று உன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரே நிமிடத்தில் கூட்டத்தின் சுருதி மாறிவிட்டது. அவ்வளவு நேரம் ஸ்டேஷன், ஸ்டேஷன் என்றவர்களெல்லாம், "வீட்டுலயே இன்னொரு தரம் நல்லாத் தேடிப் பாருங்களேன்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். தங்கள் பெயர் காகிதத்தில் ஏறும் என்றதும் எல்லோருக்கும் பொறுமை வந்துவிட்டது.

கூட்டம் கலைந்தது. என் வீட்டில் கச்சேரி ஆரம்பித்தது. "ஊரு கூடி நிக்கையில என்னையக் களவாணின்னு சொல்லுதா, நீ பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாக்க. இனி அந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது," என்றார் இவர். நான் மிதித்தேன். உன்னோடு சண்டை போடுவதற்காகவே மிதித்தேன். நீ சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாய். யாதம்மா ஒரு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நெசமாவே எங்க வீட்டுக்காரரச் சந்தேகப்படுதியா?"

"படறேன்."

"என்னையுமா?"

"உன்னைக் கொஞ்சம் கம்மியா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் என்று நினைத்துக்கொண்டாயோ என்னவோ, தட்டைத் தள்ளி வைத்தாய்.

"அப்ப இவ எடுக்கலன்னு மட்டும் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரியாது," என்றாய். "எனக்கு எப்படித் தெரியும்? உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரி பேசினீங்களே, அதுதான் புடிக்கல."

அதற்குமேல் சண்டை போடுவது எப்படி? கதவைப் படாரென்று சாத்திவிட்டு வந்தேன். உன்னோடு பழகிய காலம் முழுக்க அந்தக் கதவை நான் எத்தனை தரம் சாத்தியிருப்பேன்!

சங்கிலி அடுத்த வாரத்திலேயே கிடைத்தது. கண்டுபிடித்தது நீயும் இல்லை, தர்க்கமும் இல்லை. ராமச்சந்திரன் வீட்டுச் சமையலறையில் ஏதோ நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று தேடியிருக்கிறார்கள். கதவுக்குப் பின்னால், ஆணியில் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை தொங்கியிருக்கிறது. உள்ளே விரிசல் விட்ட தேங்காய் அழுகிப்போயிருந்தது. அதற்கடியில் வெற்றிலைச் சருகோடு சருகாகச் சங்கிலி. காரில் திரும்பும்போது கழுத்து கசகசக்கிறது என்று லலிதாவே கழற்றி அந்தப் பையில் போட்டிருக்கிறார். பீரோவில் வைத்ததாக மனசில் பதிந்துவிட்டது.

நீ செய்த அலட்டல் இருக்கிறதே! வானத்தைத் தொட்டுவிட்டாய்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?"

"என்ன சொன்ன? சேவியருன்னு சொன்ன, எங்க வீட்டுக்காரருன்னு சொன்ன, என்னையும் ராமச்சந்திரன் சாரையும் சேத்துச் சொன்ன. அத்தனையும் தப்பு!"

"யாதம்மா இல்லன்னு சொன்னது?"

"அதை நீ சொல்லவே இல்ல! தெரியாதுன்னுல்ல சொன்ன!"

"அதேதான்," என்றாய். என்ன அதேதான் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அன்று அந்தத் தேங்காய் மட்டும் என் கையில் இருந்திருந்தால் உன் தலையில் உடைத்திருப்பேன்.

சங்கிலி கிடைத்ததோடு எல்லோரும் அந்த விஷயத்தை விட்டுவிட்டோம். நீ விடவில்லை. யாதம்மாவிடம் அவர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டாய். தினமும் வேலையிலிருந்து வந்ததும், கைப்பையைக்கூட வைக்காமல், அவர்கள் வீட்டு மணியை அடிப்பாய். "சாரி சொல்லிட்டீங்களா சார்?" அவ்வளவுதான், வந்துவிடுவாய். அவர் கதவைத் திறப்பதை நிறுத்தினார். நீ லிஃப்டில் கேட்டாய். லிஃப்டை விட்டுவிட்டு அவர் படியில் ஏறினார். முழங்கால் வலிக்கிற மனிதர். பாவம் என்று நான் உன்னிடம் சண்டைக்கு வந்தேன். "யாதம்மாவும்தான் படி ஏறறா," என்றாய்.

கடைசியில் வந்தது லலிதாதான். ஒரு காலையில், யாதம்மா எங்கள் வீட்டு வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, எதிரே வந்து நின்று, "தப்பயிந்தி யாதம்மா, தப்பு எங்க மேலதான். மறுபடி வேலைக்கு வா," என்றார். யாதம்மா துணியைப் பிழிந்தாள். நிதானமாக, "பரவாலேதம்மா," என்றாள். அப்புறம், "நேனு ரானு" என்றாள். பரவாயில்லை, ஆனால் வரமாட்டேன். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நீ கேட்டு வாங்கிய மன்னிப்பு அவளுக்கு வேண்டியிருந்ததா என்று நீயும் நானும் அன்று சாயங்காலம் முழுக்க வாதாடினோம். வழக்கம்போல் ஒரு முடிவும் இல்லை.

சேவியர் சில மாதங்கள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல், ஒரு குண்டுவெடிப்பு நாவலோடு உன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். நீ அவனுக்கு முதல் காபியைக் கொடுத்தாய். "நீ எடுக்கலன்னு தெரிஞ்சுடுச்சு," என்று ஒரு சமாதானமும் சொன்னாய். அவன் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். ராமச்சந்திரன் அடுத்த வருடம்தான் வந்தார். என் கணவர் கடைசிவரை வரவில்லை. ஆனால் ஊருக்குப் போய்விட்டு வரும்போது அல்வாப் பொட்டலத்தில் ஒன்றை, "இது உன் துப்பறியும் சிங்கத்துக்கு" என்று தனியாக எடுத்துவைப்பார்.

இதெல்லாம் வெறும் எரிச்சல். எழுதும்போதே சிரிப்பும் வருகிறது. இனிமேல் எழுதப் போவதுதான் என் நிஜமான கோபம்.

அந்த வாரம் நான் சென்னையில் இருந்தேன். ஃபோனில் பேசினாய். இரண்டு மூன்று நாளாக நெஞ்சைப் பிசைகிறது, இடது தோளில் வலி என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்றேன். "கேஸ்தான். அப்பாவும் அதைத்தான் சொன்னார். கம்பெனில எல்லாரும் கேஸ்னுதான் சொல்றாங்க. இஞ்சிச் சாறு குடிச்சேன், கொஞ்சம் பரவால்ல," என்றாய். போய் ஒரு ஈ.ஸி.ஜி. எடு என்றேன். சண்டைக்கு வந்தாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கான நாவலைப் பற்றிப் பேச்சை மாற்றினாய்.

எல்லாரும் கேஸ் என்றார்களாம்! எல்லாரும் முதலில் எதைக் கைகாட்டுகிறார்களோ அதை நம்பாதே என்று எங்கள் அத்தனை பேரின் உயிரையும் எடுத்தவள்தானே நீ? ஊரே ஒரு ஏழைப் பெண்ணைக் கைகாட்டியபோது தெரியாது என்று சொல்லத் தெரிந்ததே உனக்கு? மூன்று முறை சோதிக்காமல் மாத்திரைக்குக் கையெழுத்துப் போடாதவள், உன் நெஞ்சுவலிக்கு மட்டும் எப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாய்? மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்தவள் நிமிரவில்லை. டிரைவர் பஸ்ஸை அப்படியே ஆஸ்பத்திரிக்குத் திருப்பியிருக்கிறார். பிரயோஜனம் இல்லை. நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். எல்லோரும் அழுதார்கள். என்னால் அழ முடியவில்லை. உன்னைத் தோளைப் பிடித்து உலுக்கிச் சண்டை போட வேண்டும் போலிருந்தது.

ராமச்சந்திரன் சுவரோரம் நின்றிருந்தார். என்னிடம் வந்து, "இவங்க என்னையே திருடன்னு சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வெளியே போனார். யாதம்மா உன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு இன்றும் அவள்தான் சமைக்கிறாள். இரண்டு பேரும் தெலுங்கிலும் தமிழிலும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். காபியில் சர்க்கரை போட அவரை இவள் விடுவதில்லை.

உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. போன மாதம் எங்கள் அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளரின் தகவல் தொகுதி முழுவதும் அழிந்துவிட்டது. மீட்டெடுக்கவே படாத பாடு பட்டோம். யார் செய்தது என்று கூடிப் பேசினார்கள். கூடிய மறு நிமிடமே, ஒப்பந்தத்தில் புதிதாகச் சேர்ந்த கரீம்நகர்ப் பெண்ணின் பெயர் வந்துவிட்டது. வாரங்கலில் படித்த பெண், ஆங்கிலம் சரளமாக வராது. அவளை அன்றே அனுப்பிவிடலாம் என்றார் மேலாளர். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் கூட்டங்களில் வாயே திறக்காதவள் என்று உனக்குத் தெரியும். எழுந்து நின்றேன். அந்தக் கடவுச்சொல் நான்கு பேரிடம் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது, விசாரணை என்றால் என்னிலிருந்து ஆரம்பியுங்கள் என்றேன். மேலாளரிடமும் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்தவள் மெதுவாக என் சேலை நுனியைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை.

யார் அழித்தது என்று கடைசிவரை தெரியவில்லை. உன் நாவல்களைப் போலக்கூட முடியவில்லை அது. தப்பாகச் சொல்லவாவது ஒரு பெயர் இல்லை. அந்தப் பெண் வேலையில் இருக்கிறாள். அவளாகவே இருந்தாலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. மேலாளர் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. இந்த வருடத்துப் பதவி உயர்வுப் பேச்சில் என் பெயர் வந்தபோது, திறமைசாலிதான், ஆனால் கூட்டத்தில் குறுக்கே நிற்கிற ஆள் என்றாராம். நானா? முப்பது வருடமாக யாருக்கும் குறுக்கே நிற்காமல் வளர்ந்த திருநெல்வேலிக்காரி நான். எனக்கு இந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது யார் என்பதில் மட்டும் எந்த மர்மமும் இல்லை.

ஆத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த கூட்டத்திலும் எழுந்து நிற்பேன் போலிருக்கிறது.